பாண்டியம்மாளை அழைத்த குரலுக்கு

வெண்சீருடைக்கு விறைப்பும், செந்நிற டவாலிப் பட்டைக்குச் சிறப்பும் சேர்த்த செம்மலே! வாயிலில் நின்று வழங்கிய ஒற்றைக் குரலால் வராண்டாவின் வாய்களையெல்லாம் அடைத்த வல்லவரே! முப்பதாண்டுப் பணி முடித்து ஓய்வு காணும் எங்கள் நீதிமன்ற அலுவலக உதவியாளர் திரு. வைகுண்டராஜ் அவர்களே, வணங்குகிறோம்.

உங்களை நேரே நிறுத்திப் புகழ்ந்தால் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி நழுவிவிடுவீர்கள். ஆகவே இனிச் சபையைப் பார்த்துப் பேசுகிறோம். மாலையோடு அப்படியே உட்கார்ந்து கேளுங்கள்.

சபையோரே, சாட்சியானாலும் எதிரியானாலும் பெயரை மும்முறை உரக்கக் கூவி அழைப்பது நீதிமன்ற மரபு. வைகுண்டராஜ் கூவினால் சாலைக்கு அந்தப்புறம் டீக்கடையில் நிற்பவரும் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவார். அந்தக் குரல் ஒருநாள் அடங்கியது. எங்கள் பாராட்டு அந்த நாளுக்குத்தான்.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்குத் தனியே நடந்துபோன நான்கு பெண்களை ஒருவர்பின் ஒருவராகக் கழுத்தை நெரித்துக் கொன்று, காதுத் தோடுகளைக் கழற்றிச் சென்ற சண்முகராஜின் வழக்கு அது. அவனைக் காட்டிக்கொடுத்தவர் பெற்ற தாய் பாண்டியம்மாள். கடமலைக்குண்டு வீட்டின் கோழிக்கூட்டில் அவன் ஒளித்ததைப் பார்த்துவிட்டு, தோடுகளை முந்தானையில் முடிந்துகொண்டு தாமே காவல் நிலையத்துக்குப் போனார். நீதிமன்றத்திலும் அவர் வாய் திறந்தால்தான் வழக்கு நிற்கும் என்ற நிலை.

முதல் வாய்தாவில் வைகுண்டராஜ் வழக்கம்போல் அவர் பெயரைக் கூவினார். இறந்தவர்களின் உறவுகள் நிறைந்திருந்த வராண்டா மொத்தமும் திரும்பியது. ஒரு செருப்பு பறந்தது. பாண்டியம்மாள் அழுதுகொண்டே ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டார். தம் குரலே சாட்சியை விரட்டிவிட்டதே என்று வைகுண்டராஜ் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அடுத்த வாய்தாவுக்கும் அந்தம்மாள் வந்தார். ஆனால் வேப்பமரத்தடியில், முக்காட்டோடு, மறுபடி ஓடிவிடுகிறவர்போல நின்றார். முறை வந்தபோது வைகுண்டராஜ் கூவவில்லை. படியிறங்கிப் பக்கத்தில் போய், "ஆத்தா, வாங்க. நான் கூடவே வர்றேன்" என்றார். வராண்டாவில், தாயைப் பறிகொடுத்த மாரீஸ்வரி குறுக்கே வந்து நின்றாள்.

"கொலகாரனப் பெத்தவளுக்கு இம்புட்டு மரியாதையா?"

"அந்தத் தோடுகளக் கொண்டாந்து குடுத்ததே இவுகதான், தாயி. இவுக பேசலைன்னா ஒங்காத்தாளுக்காகப் பேச வேற ஆளு இல்ல."

மாரீஸ்வரி அழுதபடி வழிவிட்டாள். கூண்டேறிய பாண்டியம்மாள் மகனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒளிச்சு வச்சது எம்மகந்தான்யா. எங் கண்ணால பாத்தேன்."

மரபை மீறியதற்கு அலுவலகம் விளக்கம் கேட்டது. "சாட்சி வந்துருச்சுல்லங்கய்யா" என்பதே வைகுண்டராஜ் தந்த விளக்கம்.

சண்முகராஜுக்கு ஆயுள் முடியும்வரை சிறை என்று தீர்ப்பானது. நியாயமான தீர்ப்பு, எங்களில் எவருக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனாலும் போலீஸ் வேன் போன பிறகு வெறும் வராண்டாவில் நின்ற அந்தத் தாயைப் பார்க்க எங்களுக்கு மனசு தாங்கவில்லை. வைகுண்டராஜ்தான் அருகே போனார்.

"அன்னைக்குப் பேரக் கூவி ஒங்கள அசிங்கப்படுத்திட்டேன், ஆத்தா. மனசுல வச்சுக்காதீக."

"ஊருல என்னையக் கொலகாரன் ஆத்தான்னுதான்யா சொல்றாக. எம்பேரச் சொல்லிக் கூப்புட ஆளே இல்ல. இன்னொருக்காக் கூப்புடுங்க. சத்தமாவே கூப்புடுங்க."

வழக்கும் இல்லை, வாய்தாவும் இல்லை. நீதிபதியும் எழுந்து போயிருந்தார். வைகுண்டராஜ் டவாலியைச் சரிசெய்துகொண்டு வாயிலில் நின்றார். "பாண்டியம்மாள்... பாண்டியம்மாள்... பாண்டியம்மாள்." எழுதுவதை நிறுத்திவிட்டு நாங்களெல்லாம் வெளியே வந்தோம். முக்காட்டை எடுத்துவிட்டு அவர், "இருக்கேன்யா" என்றார்.

வைகுண்டராஜ் அவர்களே, இனித் தலைநிமிரலாம். தொண்டை கட்டாமல், துயரம் கிட்டாமல், பேரப்பிள்ளைகளைத் தெருவே கேட்கக் கூவி அழைத்து நெடுநாள் நலமோடு வாழ்க. விழா முடியுமுன் உங்கள் பெயரும் மும்முறை அழைக்கப்படும். அழைக்கப்போவது நாங்கள் அல்லோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாண்டியம்மாள். எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.

உங்கள் குரலுக்குப் பழகிய,
நீதிமன்ற ஊழியர்கள்,
தேனி.