ஒரே கிட்டாரோடதான் வருவேன்

“ஹலோ... ஆங், சொல்லு... கேக்குது, கேக்குது. மெஷின் ஓடுது, அதான் சத்தம்... இரு, நிறுத்திட்டேன். இப்பச் சொல்லு... இல்ல... இல்லண்ணா. ஒண்ணுதான். ஒரே ஒரு கிட்டார். நேத்தும் அதான் சொன்னேன், இன்னிக்கும் அதான் சொல்றேன், நாளைக்குக் கேட்டாலும் அதேதான்.”

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறை அது. கண்ணாடி வில்லைகளை ஃப்ரேமுக்குத் தக்கபடி ஓரம் இழைத்துக் கொடுப்பது அவளுடைய பகல் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் ஓட்டல் அரங்கில் கச்சேரி. அண்ணன் கீபோர்டு, அண்ணி பாட்டு, இவள் கிட்டார். வெளியாள் என்று பார்த்தால் டிரம்ஸ் அடிக்கும் ரொட்டிக் கடைக்காரர் ஒருவர்தான். இப்போது மணி மூன்றரை. காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, சுவரோரமாக அவளுடைய கிட்டார் பையோடு நிற்கிறது. ஒன்றுதான் நிற்கிறது. வம்பே அதில்தான்.

“ஸ்பேர் கிட்டார் எங்க போகும்? என் வீட்ல பீரோ மேல படுத்திருக்கு. படுத்தே இருக்கட்டும்... போய் எடுத்துட்டு வர நேரம் இருக்கு. மனசுதான் இல்ல... போன மாசம் கம்பி அறுந்துது, நான் இல்லன்னு சொல்லலையே... ஆமா... ஆமா, பாட்டு நடுவுலதான். அறுந்தது ஒண்ணாம் கம்பி. இருக்கறதுலயே மெல்லிசு. மிச்சம் அஞ்சு இருந்துச்சு. அந்த அஞ்சுலயே ஓட்டிட்டுப் போயிருப்பேன், முன் வரிசையில உக்காந்திருந்தவங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்காது. நீதான் கண்ணால ஜாடை காட்டின. மாத்து, மாத்துன்னு. மாத்தினேன். என்னாச்சு?... சொல்லேன், என்னாச்சு?... உன் வாயில வராது. நான் சொல்றேன்.

“ஸ்பேர எடுத்துத் தோள்ல மாட்டி ஒரு மீட்டு மீட்டினேன். ஆறு கம்பியும் சுருதியில அரைக் கட்டை கீழ நின்னுச்சு. நீ மேல நிக்கிற, நான் கீழ நிக்கிறேன், நடுவுல அண்ணி யார் பின்னால போறதுன்னு தெரியாம முழிக்கிறாங்க. பாட்டே நின்னு போச்சு. ஜனம் சிரிச்சுது. கடைசி வரிசையில ஒருத்தர் விசிலடிச்சாரே, அது பாராட்டுன்னு இன்னும் நெனச்சிட்டிருக்கியா?... கம்பி அறுந்ததுக்கு ஒருத்தரும் சிரிக்கலண்ணா. ஸ்பேர் எடுத்ததுக்குத்தான் சிரிச்சாங்க.”

அண்ணன் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசினான். அவள் இழைத்து வைத்திருந்த வில்லையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஊதி, துணியால் துடைத்துத் தட்டில் வைத்தாள். அது முடியும்வரைதான் அவளுக்குப் பொறுமை இருந்தது.

“யாரு, நான் ட்யூன் பண்ணலையா?... அண்ணா, வாய் இருக்குன்னு பேசாத. அன்னிக்குக் காலைல உன் வீட்டுக்கு வந்து, உன் சோபாவுல உக்காந்து, ட்யூனர் வெச்சு, ஒவ்வொரு கம்பியா பச்சை விளக்கு எரியிற வரைக்கும் பார்த்து, பையில போட்டு ஜிப்ப இழுத்துட்டுத்தான் கடைக்கு வந்தேன். சாயங்காலம் வரைக்கும் அது உன் வீட்லதான் இருந்துச்சு... வெயிலா? வெயில்ல எறங்கினா ஒண்ணு கொஞ்சம் எறங்கும், இன்னொண்ணு அதிகம் எறங்கும். ஆறும் அளந்து வெச்ச மாதிரி அரைக் கட்டை எறங்குமா? யாரோ கை வெச்சிருக்காங்க... உன் பையன் மேல போடாத, அவன் அன்னிக்கு ஊர்லயே இல்ல... ஏன் கத்துற? கேட்டது ஒரு கேள்வி... சரி, வேற பேச்சு பேசு. அதுல நீ கெட்டிக்காரனாச்சே.”

வேற பேச்சு வந்தது. அவள் உட்கார்ந்திருந்த முக்காலி கிறீச்சிட்டது.

“யாரு?... பல் டாக்டரா? அவர் எதுக்கு?... அவரா வர்றாரா, நீ வரச் சொன்னியா?... ஓகோ. சும்மா தயாரா இருங்கன்னு சொல்லி வெச்சிருக்க. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. மூணு கிட்டார் எடுத்துட்டு வருவாரு. ஸ்டாண்டுல வரிசையா நிக்க வெப்பாரு, கடை விரிச்ச மாதிரி. எது வாசிக்கறதுக்கு, எது பாக்கறதுக்குன்னு அவருக்கே தெரியாது... நல்ல மனுஷன்தான், யார் இல்லன்னா? என் கடவாய்ப்பல்ல அவர்தான் புடுங்கினாரு, வலியே தெரியல. அவர் கிட்டார் வாசிச்சாத்தான் வலிக்குது.

“அப்போ ரெண்டு கிட்டாரோட வந்தா நான், ஒண்ணோட வந்தா அவர். அதானே?... சுத்தி வளைக்காத. அதானே?... ம். சரி.”

பதினோரு வருஷமாக அவள் அந்த மேடையில் அண்ணனுக்கு வலது பக்கம் நிற்கிறாள். பகலெல்லாம் இந்தப் பின்னறையில் அடுத்தவர் கண்ணுக்காகக் கண்ணாடி இழைப்பதே, கச்சேரி நாளில் சாயங்காலம் அந்த இடத்தில் போய் நிற்பதற்குத்தான் என்று அவள் மனசுக்குள் ஓர் எண்ணம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. அந்த இடத்தை அண்ணன் போனிலேயே இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

“கட்டை விரல்ல கண்ணாடி கீறித் தையல் போட்ட வாரம் வாசிச்சேனே, ஞாபகம் இருக்கா? கட்டுப் போட்ட கையோட ரெண்டு மணி நேரம். அன்னிக்கு எனக்கு ஒரு ஸ்பேர் தேடணும்னு உனக்குத் தோணல... என்ன? கண்ணாடிக் கடையில வேலை பாக்குறவ இப்படிப் பேசலாமாவா? ஆமா, வர்றவங்ககிட்ட எல்லாம் ரெண்டாவது ஜோடி ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்கன்னு சொல்றவதான் நான். ஆனா அவங்க தூங்குறப்ப யாரோ டிராயரத் தொறந்து பவர மாத்தி வெச்சுட்டா? மாட்டிட்டுப் படியில எறங்குவாங்க, விழுவாங்க, பல்லு போகும். அப்புறம் உன் டாக்டர்கிட்டதான் போகணும்... சிரிக்காத. நான் சிரிப்புக்குச் சொல்லல.

“இரு, முதலாளி கூப்பிடுறாரு... வந்துட்டேன் சார். அந்த வயசானவரோடது தட்டுல இருக்கு, ஸ்க்ரூ போட்டா முடிஞ்சுது. பத்து நிமிஷம்... ஆங், வெளிய உக்காரச் சொல்லுங்க... ஹலோ. எங்க விட்டேன்?... ஹலோ? அண்ணா?... யாரு... அண்ணியா? போன் எப்படி உங்க கைக்கு வந்துச்சு? அவன் எங்க?... கீழ போயிருக்கானா... சொல்லுங்க அண்ணி. ஏன் இப்படி ரகசியமா பேசுறீங்க?... ம்... ம்... எந்த ஸ்பேர்?... நீங்களா?”

அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

“திருப்பிச் சொல்லுங்க, நிதானமா. அன்னிக்கு மத்தியானம்... நான் கடைக்கு வந்ததுக்கு அப்புறம்... ம்... அந்தப் பாட்டோட உச்சி ஸ்வரத்த ஒரு தடவை பாடிப் பாக்கலாம்னு... வரல... எத்தனை நாளா வரல?... ஆறு மாசமாவா? என்கிட்ட ஏன் சொல்லல?... சரி, சரி. தப்புன்னு நான் சொல்லல... கீபோர்ட வண்டியில ஏத்தியாச்சு, கையில கெடச்சது என் ஸ்பேர்தான். அவன் அத எடுத்து அரைக் கட்டை எறக்கி வாசிச்சான்... வந்துச்சா?... நோகாம வந்துச்சா... ம். அதுக்குள்ள டிரைவர் ஹாரன் அடிச்சான், கம்பியத் திரும்ப ஏத்தாம அப்படியே பையில போட்டுட்டான்.

“அட அண்ணி... அப்போ மேடையிலயும் எறக்கி வாசிச்சிருக்கலாமே?... நீங்கதான் வேண்டாம்னீங்களா? எறக்கினா என்ன தெரிஞ்சுடும்? வயசா?... அதுக்குத்தான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்களாக்கும். பிரமாதம். சத்தியத்த உங்களுக்குக் குடுத்தான், பழிய எனக்குக் குடுத்தான்... அழாதீங்க. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அன்னிக்குப் பாட்டு பாதியில நின்னு எல்லாரும் சிரிச்சாங்களே, அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?... ம்... நிம்மதியா இருந்துச்சா.”

ஒரு கூட்டமே சிரிக்கும்போது நிம்மதி வந்தது என்றால், அந்த உச்சிக்கு அண்ணி எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கோபமெல்லாம் போய்விடவில்லை. அது அந்தப் பாட்டின் கட்டை மேல் திரும்பிவிட்டது.

“இன்னிக்கும் அதே பாட்டுதானே?... அதே கட்டையா?... ராத்திரி தூங்கலையா... அண்ணி, இங்க பாருங்க. ஆபீஸ்காரங்க ஆண்டு விழா. பாதிப் பேரு தட்டோட வரிசையில நிப்பாங்க. கட்டைய அளக்கறதுக்கு யாரும் கையில கோலோட வரமாட்டாங்க. தொண்டை உங்களோடது. பாட்டுதான் அதுகிட்ட வரணும்... அவன் கோவிச்சுக்கட்டும். கோவிச்சா என்ன பண்ணுவான், பல் டாக்டரப் பாட வெப்பானா?... பாத்தீங்களா, சிரிப்பு வருது. போன அவன்கிட்ட குடுங்க... குடுங்க, சண்டை போட மாட்டேன்... சரி, கொஞ்சமாப் போடுவேன்.”

அவள் போனை வில்லைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். பையைத் திறந்து கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு, ட்யூனரைக் கவ்வவிட்டு, ஆறாவது கம்பியின் ஆணியைத் திருகித் தளர்த்தத் தொடங்கினாள். கீழே போயிருந்த அண்ணன் மேலே வந்து சேர்வதற்குள் இரண்டு கம்பி முடிந்துவிட்டது.

“வந்தியா?... ம். சொல்லிட்டாங்க... எல்லாத்தையும்தான்... நீ பேசாத, நான் பேசறேன். ஒரு மாசமா என்னை ட்யூன் பண்ணத் தெரியாதவள்னு ஊர் பூரா... சரி, ரெண்டு பேர்கிட்டதான். ரொட்டிக் கடைக்காரர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரிதான். ஒருத்தர்கிட்ட ரொட்டி வாங்க எல்லாரும் போறாங்க, இன்னொருத்தர்கிட்ட எல்லாரும் வாயத் தொறந்து உக்காந்திருக்காங்க, அவர் மட்டும்தான் பேசுவாரு... உன் பொய்ய மூடுறதுக்கு நான் இன்னொரு கிட்டார் சுமக்கணுமா? சொல்லு... தெரியுது, அண்ணிக்காகத்தான் செஞ்ச. அதனாலதான் இன்னும் போன வெக்காம இருக்கேன்.

“இப்பக் கேளு. என்ன சத்தமா? கம்பி எறங்குற சத்தம். என் கிட்டார அரைக் கட்டை எறக்கிட்டிருக்கேன்... ஆமா, இப்பவே. நாலாவதுக்கு வந்துட்டேன். இன்னிக்கு எல்லாப் பாட்டும் இதே கட்டைலதான். உனக்குக் கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குற வேலை, கட்டை தானா எறங்கிடும். டிரம்ஸுக்குக் கட்டையே கெடையாது... முடியாதா? சரி, விடு. நான் வரல. டாக்டரக் கூப்பிடு. மூணு கிட்டாரும் கொண்டு வரட்டும். மூணும் அரைக் கட்டை மேலதான் நிக்கும். உன் பொண்டாட்டி எட்டாம நிக்கறத மூணு கிட்டார் வெச்சும் தூக்க முடியாது.”

அவள் மூன்றாவது கம்பியை இறக்கினாள். இரண்டாவதை இறக்கினாள். முதல் கம்பி போன மாதம் புதிதாகப் போட்டது. அதையும் இறக்கிப் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இருக்கியா?... அறுந்துடும், அறுந்துடும்னு பயந்தியே. தளர்த்தின கம்பி அவ்வளவு சீக்கிரம் அறாதுண்ணா. உன்ன மாதிரி முறுக்கிக் கட்டினாத்தான் அறும்... அறுந்தா அஞ்சுல வாசிப்பேன். இன்னொண்ணும் அறுந்தா நாலுல வாசிப்பேன். ஸ்பேருக்கு மட்டும் கை நீட்ட மாட்டேன்... கீபோர்ட் இன்னும் மாடிலதானே இருக்கு? போய் அமுக்கு... அமுக்கிட்டேன்னு வாயால சொல்லாத. கீழ் ‘ஈ’ ஸ்வரத்த வாசி. போனுக்குப் பக்கத்துல.”

போனில் ஒரு ஸ்வரம் வந்தது. அவள் ஆறாவது கம்பியை மீட்டினாள். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அதிர்ந்தன.

“அண்ணா. இது பழைய கட்டை. என்கிட்டயேவா?... நான் காத்திட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, ஒரு கண்ணாடிக்கு ஸ்க்ரூ மட்டும்தான் போடணும்.”

கடை வாசலில் வயசானவர் இருமிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் நாலு மணியைத் தொட்டது. பிறகு இன்னொரு ஸ்வரம் வந்தது, கொஞ்சம் கீழே, கொஞ்சம் தயங்கி. அவள் கம்பியை மீட்டினாள். எது கீபோர்டு, எது கிட்டார் என்று பிரிக்க முடியவில்லை. அது அடங்குவதற்குள், தூரத்திலிருந்து ஒரு குரல் அந்தப் பாட்டின் உச்சிக்கு ஏறி, அங்கே நின்றது. அவசரமே இல்லாமல் நின்றது.

“...அது அண்ணியா?... ம். கேட்டேன்... நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்... மன்னிப்பெல்லாம் நேர்ல வந்து கேளு, போன்ல கேட்டா எனக்குப் பத்தாது. டாக்டர வரச் சொல்லு. கையை வீசிட்டு வரட்டும், உக்காந்து பாட்டு கேக்கட்டும். அஞ்சு மணிக்கு நான் அங்க இருப்பேன். உனக்கு வலது பக்கம்... ஒண்ணுதான்ணா. ஒரே ஒண்ணு. வெச்சுடறேன்.”