மீஷ்காவும் சிவப்பு மூக்கும்

எனக்கு நாய்கள் என்றால் சின்ன வயதிலிருந்தே பிரியம். அதனால்தான் பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் கோப்பை கழுவும் வேலையை விட்டுவிட்டு, ரஷ்யக் கோமாளி அனத்தோலியின் நாயைப் பார்த்துக்கொள்ளப் போனேன்.

மீஷ்கா கரடி அளவு நாய். அனத்தோலி அதை ஒருநாளும் அடித்ததில்லை. மேடையில் செத்தவர் மாதிரி விழுந்து கிடப்பார். அது வந்து அவருடைய சிவப்பு மூக்கை மெல்லக் கவ்வி எடுக்கும். என் சொல்லையும் கேட்கும். நான் 'இரு' என்றால் அசையாது. என் மகள் பூரணி அதைப் பார்த்துக் கைதட்டுவாள். எனக்கு விசா எடுக்க வேலைக் கடிதம் தந்தவரும் அனத்தோலிதான். நல்ல மனிதர், அதை மறைக்கமாட்டேன்.

பொங்கலுக்கு எங்கள் ஆட்களுக்காக லா சப்பல் மண்டபத்தில் ஆடினோம். முன்வரிசையில் பூரணியும் சிநேகிதிகளும். அனத்தோலி திடீரென்று என்னை இழுத்து, மீஷ்காவின் பட்டியை என் கழுத்தில் மாட்டி, நாலு காலில் நடக்கவைத்தார். தெரிந்த முகங்கள் எல்லாம் சிரித்தன. நானும் சிரித்தேன்.

வீடு திரும்பும்போது மெத்ரோ ரயிலில் பூரணி கேட்டாள்: "ஏனப்பா நீங்கள் மாட்டன் எண்டு சொல்லேல்லை?"

மறுநாள் அனத்தோலி தேநீர் தந்து மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன். அன்று பின்னேரமே தொடங்கினேன்.

ஒபர்வில்லியேயில் இருந்த நாய்க் கொட்டகையின் சாவி என்னிடம்தான். சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு தரையில் படுப்பேன். மீஷ்கா வாலை ஆட்டிக்கொண்டு வரும். பெல்ட்டால் அடிப்பேன். மூக்கைக் கழற்றியதும் இறைச்சி வைத்துத் தடவிக்கொடுப்பேன். முதல் மாதம் ஒடுங்கியது. பிறகு உறுமியது. மூன்றாம் மாதம் பாய்ந்தது. ஒத்திகையில் மூக்குப் போட்டால் ராசியில்லை என்பார் அனத்தோலி, சித்திரை வரை வேறு ஆட்டமும் இல்லை, ஆகவே அவருக்கு ஒன்றும் தெரியாது.

சித்திரை வருடப்பிறப்புக்கு அதே மண்டபம். பூரணியை வற்புறுத்திக் கூட்டிவந்தேன். அனத்தோலி விழுந்து கிடந்தார். மீஷ்கா கழுத்தைப் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நாய்க்கு விசர் பிடித்துவிட்டது என்று பொலிஸுக்குச் சொன்னேன். ஊசி போட்டுக் கொல்லும்போது மீஷ்கா என் மடியில் தலை வைத்துக் கிடந்தது. அதை நினைத்தால் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது. அனத்தோலியை நான் தொடக்கூட இல்லை.

பூரணி மட்டும்தான் இன்னும் கேட்கிறாள்: "இரு எண்டு ஏனப்பா சொல்லேல்லை?"

சொன்னேன். அதுவும் விளையாட்டு என்று நினைத்து மண்டபமே சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் சிரித்து முடித்ததும் சொன்னேன்.