முதலில் வரும் வரி தங்கும்

இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கி, இருமுறை வந்தவற்றை நீக்குவது கல்லூரியில் முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கும் வேலை. எங்கள் மேலாளருக்கு அதுவும் தெரியாது. கணினிப் பிரிவில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவர்.

இரண்டு மருத்துவமனைகள் இணைந்தபோது, சிறுநீரகத்துக்குக் காத்திருப்போரின் பட்டியல்களும் இணைந்தன. இரண்டு இடத்திலும் பதிந்தவர்கள் உண்டு. பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். முதலில் வரும் வரி தங்கும், அடுத்தது போகும். மேலாளர் திரையைப் பார்க்காமலே தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"எண்ணிக்கை குறைஞ்சுதா? அப்ப சரியாத்தான் இருக்கும். போய் டீ குடிங்க தம்பி."

போன வரிகளில் ஒன்று என் மனைவி. அதே பெயரில், அதே தேதியில் பிறந்த இன்னொருத்தி முதல் பட்டியலில் இருந்தாள். எங்கள் முறை வரும் என்று பதினோரு மாதம் காத்திருந்தோம். பிறகு அவள் காத்திருக்கவில்லை.

விடுப்பு முடிந்து வந்து தேடியபோதுதான் கண்டுபிடித்தேன். ஒரு வரி தவறாகப் போயிருக்கிறது என்று மேலாளரிடம் சொன்னேன்.

"நாலாயிரத்துல ஒண்ணுதானே? இதுக்குப் போய் ஊரைக் கூட்டணுமா?"

எந்த வரி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மூன்றாவது மருத்துவமனை சேர்ந்தது. அதன் பட்டியலில், மேலிருந்து நான்காவதாக, மேலாளரின் தங்கை.

"தங்கச்சி பேரு இருக்கானு ஒரு பார்வை பாத்துருங்க தம்பி. ரெண்டு வாண்டுங்களை வெச்சுக்கிட்டுத் தவிக்கிறா."

"இருக்கு சார்."

"நீங்க இருக்கையில எனக்கென்ன கவலை."

நான் பொய் சொல்லவில்லை. பெயர் இருந்தது. அவள் வரிக்கு மேலே, அவள் பெயரிலும் பிறந்த தேதியிலும், நான் இன்னொரு வரி சேர்த்திருந்தேன். கைப்பேசி எண் மட்டும் வேறு. அது என் மனைவியுடையது. மேல் வரி தங்கியது, அசல் போனது.

அந்தக் கைப்பேசியைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது அடித்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை அழைத்தார்கள். எடுக்காவிட்டால் சிறுநீரகம் அடுத்தவருக்குப் போய்விடும். மடித்த சட்டைகளை அலமாரியில் அடுக்கினேன்.

மறு மாதம் மேலாளரின் தங்கை இறந்தாள். துக்கத்துக்குப் போனேன். "இந்த வலி உங்களுக்குத்தான் தம்பி தெரியும்" என்று மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

பெயரும் பிறந்த தேதியும் போதும் என்று முதன்முதலில் எழுதியது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். ரத்த வகையையும் ஒப்பிட இன்னும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அன்று மனைவியை ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப்போகும் அவசரம். ஆனால் கையெழுத்துப் போட்டவர் அவர். படித்துப் பார்க்க வேண்டியதும் அவர்தான்.