பதினோராவது கதை

உந்துதல் எங்கேருந்து வருதுன்னா... சொல்றேன் சார், முதல்ல இந்த அளவுத் தட்டைக் கடிச்சுக்கோங்க. அழுத்தமா. ம், அவ்ளோதான். இனிமே அஞ்சு நிமிஷத்துக்குப் பேசக் கூடாது. பசை இறுகுறதுக்குள்ள நாக்கு அசைஞ்சா அளவு கோணிடும், அப்புறம் பல்லு மேல கேப் உக்காராது. மூக்கால மூச்சு விடுங்க. டாக்டர் அடுத்த ரூம்ல ஒருத்தரோட கடைவாய்ப் பல்லோட மல்லுக்கட்டிட்டு இருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் நான்தான்.

நீங்க கேட்டப்ப சிரிச்சேனே, தப்பா எடுத்துக்காதீங்க. பல் டாக்டருக்கு உதவிக்கு நிக்கிற பொண்ணு ஓரமா நோட்டு வெச்சு எழுதுறாளேன்னு பாத்துட்டுக் கேட்டீங்க, தினமும் எழுதுற அளவுக்கு உந்துதல் எங்கேருந்தும்மா வருதுன்னு. பெரிய எழுத்தாளர் கேக்குறீங்க, மழை, நிலான்னு ஏதாவது சொன்னாத்தான் அழகா இருக்கும். அதெல்லாம் எனக்கு ரெண்டு நாளைக்குக்கூடத் தாங்கல சார். கோபம் ஆறு வருஷமாத் தாங்குது.

நான் இவ்ளோ பேசுற ஆளே இல்ல. காலேஜ்ல பேர் கூப்பிட்டா ஒரு குரல் குடுக்கிறதுக்கே ரெண்டு தடவை தொண்டையைச் செருமிக்குவேன். எதிர்ல இருக்கிறவங்க திருப்பிக் கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். இந்த நாற்காலில உக்காந்திருக்கிறவங்ககிட்ட மட்டும் அந்தப் பயம் வர்றதில்ல, ஏன்னு உங்களுக்கே தெரியும்.

பேச வராததாலதான் எழுதினேன். கடைசி வருஷம் காலேஜ்ல ஒரு சிறுகதைப் போட்டி வெச்சாங்க. எங்கம்மாவைப் பத்தி எழுதினேன். அம்மா ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பாக்குறாங்க. நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறது. கை அப்படிப் பழகிப்போய், தூக்கத்துலயும் போத்தியிருக்கிற போர்வையை நாலா மடிச்சுத் தலைமாட்டுல வெச்சுட்டு, குளிர்ல சுருண்டுக்கிட்டுக் கிடப்பாங்க. இடது மணிக்கட்டுல இஸ்திரி மெஷின் சுட்ட தழும்பு, இலை மாதிரி. அதையும் எழுதினேன். வாசிச்சுக் காட்டினப்ப, என்னைப் போய் எவ படிப்பான்னாங்க. அப்புறம் மெதுவா, இன்னொரு தடவை வாசின்னாங்க.

பரிசு வரல. சரி, நமக்கு அவ்ளோதான்னு விட்டுட்டேன். எட்டு மாசம் கழிச்சு ஒரு பத்திரிகைல அந்தக் கதை வந்துச்சு. போட்டிக்கு நடுவரா வந்தவர் பேர்ல.

தலையை ஆட்டாதீங்க சார்.

அதே போர்வை, அதே தழும்பு. என் முடிவு சப்புன்னு இருந்துச்சோ என்னவோ, அதை மட்டும் மாத்தியிருந்தார். அந்தம்மா ஒரு விரிப்பைப் பைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு வெளில வர்றப்ப வாசல்ல மாட்டிக்கிறாங்க. அந்த இடம்தான் ரொம்ப உருக்கம்னு வாசகர் கடிதமெல்லாம் வந்துச்சு.

பத்திரிகை ஆஸ்பத்திரிக்கும் வருமில்ல. ஒரு நர்ஸ் படிச்சாங்க. அம்மா கையைப் பாத்தாங்க. அந்த வாரத்துலேருந்து வாசல்ல காவலாளி அம்மா பையைத் திறந்து பாக்க ஆரம்பிச்சார். அம்மா பையை மட்டும். பதினேழு வருஷம் வேலை பாத்த இடம். சாப்பாட்டு டப்பா, சீப்பு, பிரஷர் மாத்திரை, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டிட்டு வரணும். நேத்து சாயங்காலம்கூடக் காட்டிட்டுத்தான் வந்தாங்க. என்கிட்ட அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி வாசிச்சுக் காட்டிட்டு, வெளில வேற மாதிரி எழுதிக் குடுத்தியாடின்னு. இல்லம்மான்னேன். நான் என்ன சொன்னாலும் சாக்கு மாதிரியேதான் இருந்துச்சு.

பத்திரிகைக்கு நாலு கடிதம் போட்டேன், பதில் இல்ல. அவருக்கே ஒரு நாள் ஃபோன் பண்ணேன். எடுத்தார். எனக்குக் குரலே வரல. யாரு, யாருன்னு ரெண்டு தடவை கேட்டுட்டு வெச்சுட்டார்.

மறுநாள் காலைல ஆரம்பிச்சதுதான் சார் இந்த நோட்டு. கிளினிக் திறக்க முக்கால் மணி நேரம் முன்னாடியே வந்து, கருவியெல்லாம் ஆவில போட்டுட்டு இந்த ஸ்டூல்ல உக்காந்துடுவேன். வரி வரலைன்னா கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பையோட ஜிப் திறக்கிற சத்தத்தை நினைச்சுக்குவேன். வந்துடும். அப்படி எழுதினது பதினாலு கதை. பதினோராவது அம்மா கதை, என் முடிவோட.

கையை இறக்குங்க சார். இப்ப இழுத்தீங்கன்னா நல்லா இருக்கிற பல்லும் கூடவே வந்துடும். இன்னும் ரெண்டு நிமிஷம்தான்.

புனைபேர்ல ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினேன். அவருக்குப் பிடிச்சிருந்துச்சு. அணிந்துரை யார்கிட்ட வாங்கலாம்னு கேட்டார். நான் ஒரு பேர் சொன்னேன். அவரா, வருஷத்துக்கு முப்பது எழுதுவாரே, ஒரு பக்கத்துக்குச் சுருக்கம் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க, போதும்னார். எழுதிக் குடுத்தேன், ஒரு பொய்கூட இல்லாம. பதினோராவது கதை, தூக்கத்திலும் போர்வை மடிக்கும் ஒரு சலவைத் தொழிலாளி. அந்த வரியைப் பாத்ததும் உதறல் எடுத்துடும், மாட்டேன்னுடுவார்னு நான் ராத்திரியெல்லாம் தூங்கல. ஒண்ணும் ஆகல. கதையை எடுத்தவருக்கே மறந்துபோச்சு சார். ஃபோன்ல குரல் வராம நின்னப்பகூட எனக்கு அவ்ளோ அவமானமா இல்ல.

எங்க தொழில்ல வாயைத் திறந்து பாக்காம ஒரு பல்லைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். உங்க தொழில்ல புத்தகத்தைத் திறக்கவே வேண்டியதில்ல போலிருக்கு. மூணாம் நாளே ரெண்டு பக்கம் வந்துடுச்சு. எனக்கு மனப்பாடம். பதினோராவது கதை இத்தொகுப்பின் மகுடம், இவரைத் தவிர வேறு எவராலும் இதை எழுதியிருக்க முடியாது. கீழ உங்க கையெழுத்து.

கண்ணுல தண்ணி வருதா? பசையோட நெடி அப்படித்தான், துடைச்சு விடுறேன்.

போட்டிக்குக் குடுத்தப்ப காலேஜ்ல தேதி போட்டு முத்திரை குத்தின நகல் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. அதைக் கடைசிப் பக்கங்கள்ல அப்படியே அச்சடிச்சாச்சு. உங்க கதை பத்திரிகைல வந்த மாசமும் பக்கத்துலயே இருக்கு. ஆயிரம் பிரதி, நேத்தே கடைகளுக்குப் போயிடுச்சு. அதனால சாயங்காலம் விழாவுக்கு வராம இருக்கலாமான்னு நீங்க யோசிச்சாலும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ஆனா வந்துடுங்க சார். வெளியிடப்போறது நீங்க, முதல் பிரதி வாங்குறது எங்கம்மா. அணிந்துரையை உங்க வாயாலயே வாசிக்கணும்னு நிகழ்ச்சி நிரல்லயும் போட்டாச்சு.

விழா அன்னிக்குப் பாத்து உங்க முன்பல் உடைஞ்சது மட்டும் என் கணக்குல இல்ல. காலைல நீங்க வாயைப் பொத்திக்கிட்டு உள்ள வந்தப்ப, சாயங்காலம் எப்படி வாசிப்பீங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். அதான் டாக்டர்கிட்ட நானே அளவு எடுக்கிறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். கேப் கொஞ்சம் லூசா இருந்தாலும் வார்த்தையெல்லாம் காத்தாப் போயிடும். ஒரு எழுத்து தவறாம கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும் சார். சலவைக்கூடத்துலேருந்து எல்லாரும் வர்றாங்க, அந்தக் காவலாளிக்கும் நானே போய் அழைப்பு குடுத்துட்டு வந்தேன்.