ஆறாவது கிடங்கு கேட்கிறது

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது... இது பகல் பன்னிரண்டரை மணி. எண்ணூரில் முகத்துவாரத்துக்குப் போகிற ரோடு. வெள்ளிக்கிழமை. ஒரு லாரி இல்லை, ஒரு நாய் இல்லை. கிட்ட வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

நம்மோடு மூட்டை தூக்கும் ஹபீபுல்லா இருக்கிறாரே, அவர் மச்சான் அப்சலுக்கு நடந்தது. வயர் இழுக்கிற வேலை அவனுக்கு. ஒரு மீன் கம்பெனிக்கு ஆறு குளிர்க் கிடங்கு. ராயபுரம் ஆபீசில் மைக்கில் பேசினால் ஆறிலும் ஒலிபெருக்கி பேசும். அதைப் பார்த்துக்கொள்கிற கார்குழலி ஒருநாள் டீக்கடையில் அப்சலுக்கு விளக்கினாள்.

"நாம ஒரு தபாதான் பேசுறோம்ணே. போன் கம்பெனிக்காரன் லைன்ல ஒண்ணாதான் போவும். வழி பிரியிற எடத்துல நகல் எடுத்து அனுப்புவான். அதுவும் கேக்குற கிடங்குக்கு மட்டும். நிமிசத்துக்கு ஒரு தபா, கிடங்குல ஒலிபெருக்கியோட கீற பொட்டி 'நான் கீறேன், எனக்கும் குடு'ன்னு கேக்கணும். கேக்கலையா, அந்தக் கிளைய வெட்டிருவான்."

"வேற எவனாவது கேட்டா?"

"அதே லைன்ல நூறு கம்பெனி போவுது. ஒருத்தன் பேச்சு ஒருத்தனுக்குப் போவாது. நம்ம ஆறு வாசல விட்டா ஈ கூட நுழையாது."

அப்சல் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

போன வருசம் ஆறாவது கிடங்கில், டிரில் மிஷினுக்கு இடமில்லாமல், அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியது அவன்தான். திரும்பச் சொருக மறந்துபோனான். அன்று ராத்திரி அங்கே குளிரூட்டுகிற அமோனியா வாயு கசிந்தது. 'வெளியே ஓடுங்க' என்று ராயபுரத்திலிருந்து கத்தினார்கள். ஐந்து கிடங்கில் கேட்டது. ஆறாவதில் கேட்கவில்லை. வாட்ச்மேன் ஜேக்கப் கதவுக்கு உள்பக்கம் செத்துக் கிடந்தார். போலீஸ் வருமுன் அப்சல் பிளக்கைச் சொருகிவிட்டான். பெட்டி பழுது என்று எழுதி, கிடங்கை மூடினார்கள். அவன் வாய் திறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கார்குழலி போன் செய்தாள்.

"அண்ணே, மூடின ஆறாவது கிடங்கு கேக்குது. நிமிசத்துக்கு ஒரு தபா. போய்ப் பொட்டியக் கழட்டிக்கினு வா."

டிரில் மிஷின் வைத்த கனத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். பூட்டைத் திறந்தான். இருட்டு... காய்ந்த மீன் வாடை. அதற்குப் பின்னால் மூக்கைக் குத்துகிற நெடி. கரண்ட் மீட்டர் இல்லை. வெளிவயரைப் போன மாதம் அவனே வெட்டியிருந்தான். அவன் சொருகிய பிளக் தரையில் கிடந்தது.

பெட்டியில் பச்சை விளக்கு.

டக்.

அறுபது எண்ணினான்.

டக்.

"பொட்டி எப்டிண்ணே கீது?" போனில் கார்குழலி.

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"அது... அப்பவே பழுதுதானேம்மா. பிளக்கு சொருவிதான் கீது."

காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள். பச்சை விளக்கு அணைந்தது.

"ஆறாவது நின்னுச்சுண்ணே... இரு, ஏழாவதா ஒண்ணு கேக்குது. தண்டையார்பேட்டைன்னு காட்டுது. அங்க நமக்குக் கிடங்கே இல்லியே?"

அப்சலின் வீடு தண்டையார்பேட்டை.

வண்டியை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. தெருவில் அவன் மனைவி கௌசர், குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள்.

"இன்னாத்தக் கொண்டாந்து வெச்ச? உள்ள நெடில கண்ணத் தொறக்க முடியல."

"உள்ள யாரு?"

"யாருமில்ல. கதவுதான்... கொஞ்ச நேரத்துக்கு ஒரு தபா தட்டுது. உள்பக்கமா."

டக்.

அப்சல் கதவைத் தள்ளினான். யாருமில்லை. பேன், பிரிட்ஜ், டிவி... எல்லாப் பிளக்கும் பிடுங்கி, வரிசையாகத் தரையில் வைத்திருந்தது. ஒன்று மட்டும் சுவரில் சொருகியிருந்தது. அவன் டிரில் மிஷின்.

தோளில் பை கனக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.