மாசாணம் சொன்ன ‘இல்லீங்க’

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் திரையரங்க உரிமையாளர், பெருந்தகை அப்துல் குத்தூஸ் அவர்களே! ‘கம்பிக்குள் கலகலப்பு’ படத்தை நூறு நாள் ஓடவைத்த இயக்குநர் சென்னியப்பன் அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் ஆன்றோர்களே, ஆலை அதிபர்களே! பீளமேட்டு வெயிலில் பேருந்துக்குக் காத்து நின்று, பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்து, இப்போதும் பின்னால் நின்றுகொண்டே இருக்கும் தாய்மார்களே! சிறையில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் புவனாவின் வணக்கம் உங்களுக்கு.

படத்தின் நாயகன் என்னைப் பார்த்து எழுதிய பாத்திரமாம். பார்த்தேன். எனக்கு மீசை முளைத்திருக்கிறது. ஊட்டிக்குப் போய் டூயட் வேறு பாடுகிறேன். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தமெல்லாம், எதைக் கேட்டாலும் ‘ஆமாங்க’ என்று சொல்லி உங்களைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைத்தாரே ஒரு கைதி, அவரைப் பற்றியது. அவர் கற்பனை இல்லை. வெள்ளகோவில் பக்கம் ஒரு பண்ணையத்தில் பிறந்து வளர்ந்தவர். பெயர் மாசாணம்.

வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அரிவாளை எடுத்தார். ஓர் உயிர் போனது. அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. தண்டனையில் பெரும்பகுதியைக் கழித்தும் விட்டார். விடுதலைக்குப் பரிந்துரைக்கும் குழு முதல் தடவை அவரை அழைத்தபோது, பெரியவர் ஒருவர் கணீரென்று கேட்டார்: “வெளிய போனா மறுபடியும் அருவாளத் தூக்குவியாப்பா?”

மாசாணம் கைகூப்பிச் சொன்னார்: “ஆமாங்க.”

என்ன மடமை என்கிறீர்களா? மடமை அல்ல, மரியாதை! நாற்காலியில் அமர்ந்தவர் கேட்டால் நிற்பவன் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? தண்ணி பாய்ச்சியாச்சா என்று பண்ணையக்காரர் கேட்டால், ‘ஆமாங்க’ என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஓடிப்போய்ப் பாய்ச்சி வளர்ந்த மனிதர் அவர். பணிவைப் பழக்கியது யார்? பல்லைக் காட்டிச் சிரிப்பது யார்? அன்று அந்த ஒரு சொல்லுக்காக அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதன்பிறகு என் வேலை என்ன தெரியுமா? ஒரு மனிதருக்கு ‘இல்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது. நான் நாற்காலியில் அமர்ந்து அதட்டுவேன். உன் பேர் கருப்பனா என்பேன். ‘ஆமாங்க.’ நீ பொம்பளையா என்பேன். ‘ஆமாங்க’ என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொள்வார். மேலிடத்து அனுமதியோடு வந்து மூலையில் அமர்ந்திருந்த இயக்குநர், இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். திரையரங்கில் விசில் பறந்ததும் இதே இடத்தில்தான்.

ஆனால் ஒருநாள் கேட்டேன், “சாமியாத்தா உங்கள மறந்துட்டாங்களா?” என்று. சாமியாத்தாள் அவர் மனைவி. கணவரைப் பார்க்க மனு போடும் நாளெல்லாம் முதல் பேருந்தில் வந்து நிற்பவர். மாசாணம் குனிந்த தலையோடு, “இல்லீங்க,” என்றார். அப்புறம் நெடுநேரம் அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகையைப் படத்தில் தேடினேன், ஐயா. அந்த இடத்தில் ஒரு குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ‘இல்லீங்க இல்லீங்க’ என்று இருபுறமும் பெண்கள் ஆடினார்கள்.

இயக்குநருக்கு நல்ல மனசு. சிறை முற்றத்திலேயே திரை கட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினார். கைதிகள் எல்லாம் திரையைப் பார்த்துச் சிரித்தார்கள், உடனே திரும்பி மாசாணத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். படம் முடிந்ததும் இயக்குநர் அவர் தோளைத் தட்டி, நல்லா இருந்துச்சா என்றார். மாசாணம் ‘ஆமாங்க’ என்றார். வேறென்ன சொல்வார்?

போன மாதம் குழு மறுபடியும் கூடியது. சிறை வாசலில் சாமியாத்தாள், கணவருக்குப் புது வேட்டியோடு காத்திருந்தார். உள்ளே அதே பெரியவர், அதே கேள்வி. மாசாணம் நிமிர்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நாற்காலியில் அமர்ந்த ஒருவரின் கண்ணைப் பார்த்து, “இல்லீங்க,” என்றார்.

குழுவே சிரித்தது. “படத்துல வர்ற மாதிரியே சொல்றான் பாருங்க,” என்றார் பெரியவர். சினிமாவைப் பார்த்து மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். மனு தள்ளுபடி. சாமியாத்தாள் அந்த வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினார்.

ஏன் இந்த அமைதி? இவ்வளவு நேரம் சிரித்தீர்களே! ஆமாங்க என்றார், அடைத்தீர்கள். இல்லீங்க என்றார், அடைத்தீர்கள். அவர் வாயில் இருந்தது இரண்டே சொல். ஒன்றை ஊர் எடுத்துக்கொண்டது, மற்றொன்றைப் படம் எடுத்துக்கொண்டது. எனக்குக் கோபமாக இருக்கிறது, ஐயா. விழா மேடையில் கோபப்படக்கூடாது என்பது தெரியும். ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறது.

தலைவர் அவர்கள் சீட்டு நீட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன், ஐயா, ஒரே நிமிடம். மாசாணம் நேற்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் யாரையும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. “ஏனுங்கம்மா, அடுத்த தடவ நான் என்னங்க சொல்லட்டும்?”

நான் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் பதில் தெரிந்தவர் இந்த அரங்கிலேயே இருக்கிறார். குழுவின் அந்தப் பெரியவர், இதோ, முன்வரிசையில், கழுத்தில் மாலையோடு அமர்ந்திருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம், ஐயா. அமர்ந்தபடியே சொல்லுங்கள். மாசாணம் என்ன சொன்னால் நீங்கள் நம்புவீர்கள்?

எனக்கு நீங்கள் கொடுத்த இந்தக் கேடயத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. ஐயா அவர்களின் பதிலை வாங்கிக்கொண்டுதான் நான் இறங்குவேன், நாளைக் காலை சிறையில் ஒருவர் எனக்காகக் காத்திருப்பார். அனைவருக்கும் வணக்கம்.