இடது காதில் குளிர்ந்த நீர்

காதுக்குள் விடும் தண்ணீரின் சூட்டை நான் எப்போதும் இரண்டு முறை பார்ப்பேன். முப்பது டிகிரி. ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் வேலையில் குறை சொல்ல மாட்டார்கள்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனதால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு, உடம்பின் சமநிலை கெட்டிருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. கேட்கும் உறுப்பும் நிலைகொள்ளும் உறுப்பும் காதுக்குள் ஒன்றோடொன்று ஒட்டி இருப்பவை. படுக்க வைத்து, உள்ளே கேமரா வைத்த இருட்டுக் கண்ணாடி மாட்டி, காதில் குளிர்ந்த நீர் விட்டால் தலை சுற்ற வேண்டும், கண்மணி ஆட வேண்டும். சுற்றினால்தான் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது. வெளியாட்கள் இதைத் தலைகீழாகத்தான் நினைப்பார்கள்.

தலைசுற்றலே இல்லை என்கிறவர்களிலும் பலருக்கு அந்த உறுப்பு செத்திருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பேரைச் சோதித்து அதைக் கண்டவள் நான். அக்கா கணக்குப் போட்டுக் கொடுத்தார். கூடப் பிறந்தவரில்லை, புள்ளியியல் பேராசிரியை. எண் தெரியும், காது தெரியாது. "கட்டுரையில உன் பேருதான்டி முதல்ல" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறவர், படிக்கத் தெரியாது. அச்சில் என் பெயர் எப்படி இருக்கும் என்று ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்திருந்தேன். கட்டுரை வந்த அன்று அந்தச் சீட்டைப் பக்கத்தின் மேல் வைத்து வரிவரியாக நகர்த்தினார். கடைசியில், "எனக்குக் கண்ணு சரியில்லம்மா, நீயே காட்டு" என்றார். கட்டுரையில் அக்காவின் பெயரும் அவர் தம்பியின் பெயரும் மட்டும்தான் இருந்தன. தம்பி பல் டாக்டர்.

அக்காவிடம் கேட்டேன். "அடுத்ததுல போட்டுக்கலாம். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்றார். சரிக்கா என்றேன்.

ஏழு மாதம் கழித்து அக்காவுக்கே இடது காது கேட்காமல் போனது. தினமும் கடலில் முக்குளித்து நீந்துகிறவர். "தலைசுத்தல் எதுவும் இல்ல. ஆனா நம்ம கட்டுரை அப்படிச் சொல்லுதே, அதான் பயம். நீந்தலாமா வேணாமான்னு பாத்துச் சொல்லுடி."

நம்ம கட்டுரை.

வலது காதில் நீர் விட்டதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பிறகு இடது. சோதனையின்போது நோயாளியைப் பேச வைக்க வேண்டும். மனம் சும்மா இருந்தால் கண்ணாட்டம் அடங்கிவிடும். வழக்கமாகப் பழங்களின் பெயர் கேட்பேன். அன்று, "நம்ம ஆராய்ச்சிக்கு உழைச்சவங்க பேரச் சொல்லுங்கக்கா" என்றேன். தம்பி பெயர் வந்தது. துறைத்தலைவர், தட்டச்சு செய்த பெண், கார் ஓட்டுகிறவர்கூட வந்தார். நான் வரவில்லை. கண்மணி ஆணி அடித்ததுபோல நின்றது.

"இந்தப் பக்கம் சுத்தவே இல்லையேடி?"

"சுத்தலன்னா நல்லதுதானக்கா."

"அப்ப வலது பக்கம் அந்தச் சுத்து சுத்துச்சே?"

"அப்பத் தண்ணி கொஞ்சம் ஜில்லுன்னு இருந்துச்சு. நீங்க தாராளமா நீந்துங்க."

அறிக்கையில் 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தண்ணீருக்குள் மேல் எது, கீழ் எது என்று சொல்வது அந்த உறுப்புதான் என்பது தெரிந்தே போட்டேன். நான்காம் நாள் காலை கரையில் அவருடைய துண்டும் செருப்பும் மட்டும் கிடந்தன.

ஆத்திரத்தில் செய்ததாக வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள். அவருக்கு நியாயமாக ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் உண்மையை எழுதியிருப்பேன்.

நேற்று நீங்கள் அந்தச் சோதனையின் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். கண்ணோடு குரலும் அதில் பதிவாகும். நான்கு பெயர் சொல்லி, மூச்சு வாங்கி, "எல்லாத்துக்கும் மேல நம்ம" என்கிறார். அங்கே பதிவு நிற்கிறது. சோதனை நேரம் முடிந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். இன்னும் இருபத்திரண்டு வினாடி பாக்கி இருந்தது என்கிறீர்கள். இருக்கலாம். நிறுத்தியது என் விரல்தான்.

அவர் வேறு யாரையாவதுதான் சொல்ல வந்திருப்பார்.